மூலத்தை ஏன் மேலே ஏற்றுகிறோம்?

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் பைப் ஃபிட்டர் வேலை பழகுகிறவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய எண்களில் ஒன்று 1.414. குழாய் நேராக வந்துகொண்டிருக்கிறது. வழியில் ஒரு தூண். குழாயை 60 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி, மறுபடி பழைய திசையிலேயே கொண்டுபோக வேண்டும். இரண்டு 45 பாகை எல்போ போட்டு, நடுவில் ஒரு சாய்வுத் துண்டு வைப்பார்கள். அந்தத் துண்டு எவ்வளவு நீளம்? 60ஐ 1.414ஆல் பெருக்கினால் 84.84 செ.மீ. எல்போவின் மையத்திலிருந்து மையத்துக்கு அதுதான் அளவு. எல்போ பிடிக்கும் இடத்தைக் கழித்துவிட்டு வெட்டலாம்.

வேறு கோணம் என்றால் வேறு எண். 60 பாகைக்கு 1.155. இருபத்திரண்டரைப் பாகைக்கு 2.613. தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கமே குழாய் வேலைக்குத் தாராளம். ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால், ஒன்பதாம் வகுப்பில் பலரையும் அலுக்கவைத்த ஒரு கணக்கில் போய் நிற்போம்: பின்னத்தின் பகுதியில் வர்க்கமூலம் இருந்தால் அதை விகிதமுறு எண்ணாக்கு. செய்யாவிட்டால் மதிப்பெண் குறையும். ஏன் செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

60 பாகையின் சைன் √3/2. சாய்வு நீளம் வேண்டுமானால் தள்ளும் தூரத்தை இதால் வகுக்க வேண்டும், அதாவது 2/√3ஆல் பெருக்க வேண்டும். √3 என்பது 1.7320508... என்று முடிவில்லாமல் ஓடும் எண். கால்குலேட்டர் இல்லாமல், தாளில் 2ஐ 1.7320508ஆல் வகுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் அந்த எட்டு இலக்க எண்ணைப் பெருக்கிக் கழிக்க வேண்டும். இப்போது 2/√3இன் மேலும் கீழும் √3ஆல் பெருக்குங்கள். மேலே 2√3, கீழே 3. மதிப்பு மாறவில்லை. 1.7320508ஐ இரட்டித்தால் 3.4641016. அதை 3ஆல் வகுத்தால் 1.1547005. அரை நிமிட வேலை.

காசிமேட்டில் ஏலத்தில் எடுத்த மீனை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம், 1.7320508... பேர் எப்படிப் பங்கு போடுவது? வகுக்கும் எண் முழு எண்ணாக இருப்பதில் உள்ள நிம்மதி அதுதான். இதைவிட முக்கியமான வசதி ஒன்றும் இருக்கிறது. √3க்கு இன்னும் நான்கு இலக்கம் கூடுதலாகத் தெரியவந்தால், முதல் முறையில் வகுத்தலை அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஏனென்றால் வகுக்கும் எண்ணே மாறிவிட்டது. இரண்டாவது முறையில் விட்ட இடத்திலிருந்து 3ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். எல்லாவற்றையும் கையால் கணக்கிட்ட தலைமுறைகள் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டதற்கு இது போதுமான காரணம்.

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் தருவது மும்முனை மின்சாரம். அங்கும் √3 இருக்கிறது. இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவே 415 வோல்ட் இருந்தால், ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 415/√3 வோல்ட். 415ஐ 1.732ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 239.6. வீட்டு மின்சாரம் 240 வோல்ட் என்று நம் வீடுகளில் சொல்லிப் பழகிய எண் ஏறத்தாழ இந்தப் பின்னத்தின் மதிப்பே.

கணக்கிடும் சுமை ஒரு காரணம். அடுத்த காரணம், ஒரே எண் பல முகங்களோடு வரும் என்பது. 1/(√2−1) என்று ஒரு மாணவியும் √2+1 என்று இன்னொரு மாணவியும் எழுதினால், இருவரும் எழுதியது ஒரே எண், 2.41421... பார்த்தால் தெரியாது. எல்லோரும் பகுதியிலிருந்து மூலத்தை நீக்கி எழுதுவது என்று ஒத்துக்கொண்டால், இரண்டு விடைகள் சமமா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். இந்த இரண்டு காரணங்களையும் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தெரிந்த விதியைப் பிள்ளைகள் சுமையாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி, அந்த 2.613. இருபத்திரண்டரைப் பாகையின் சைனை வர்க்கப்படுத்தினால் (2−√2)/4. நமக்கு வேண்டியது அதன் தலைகீழி, 4/(2−√2). மேலும் கீழும் √2ஆல் பெருக்கினால் பயனில்லை, கீழே 2√2−2 என்று மூலம் தங்கிவிடும். இங்கே வேண்டியது 2−√2இன் இணை, அதாவது நடுவிலுள்ள குறியை மட்டும் மாற்றிய 2+√2. இரண்டையும் பெருக்கினால் 4−2, விடை 2. மூலம் போய்விட்டது. மேலே 4(2+√2). ஆக மொத்தம் 4+2√2, ஏறத்தாழ 6.828. இதன் வர்க்கமூலம் 2.613. ஃபிட்டரின் அட்டவணையில் மூன்று இலக்கத்தோடு அடங்கியிருக்கும் எண்ணுக்குள், மூலத்துக்குள் ஒரு மூலம் இருக்கிறது.

குறியை மாற்றிப் பெருக்கினால் மூலம் ஏன் மறைகிறது? இரண்டு எண்களின் கூட்டலை அவற்றின் கழித்தலால் பெருக்கினால், வர்க்கங்களின் வித்தியாசம் கிடைக்கும். குறுக்குப் பெருக்கல்கள் இரண்டும் எதிரெதிர்க் குறியோடு வந்து அடிபட்டுப் போகும். மிஞ்சுவது வர்க்கங்கள் மட்டும். வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் மூலம் போய்விடும். எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடும் இந்த முற்றொருமைதான் முழுப் பாடத்தையும் தாங்குகிறது.

இதே முற்றொருமையை வைத்துக்கொண்டு வடசென்னைக் கடற்கரையோரத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1912ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். பெயர் சீனிவாச இராமானுஜன், வயது 24. அந்த நாட்களில் குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலி தெருவில். போர்ட் டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். அவருக்குக் கீழே அலுவலகத்தைக் கவனித்த எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் படித்தவர், இந்தியக் கணிதக் கழகத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவர். மாலை வேளைகளில் அவரும் இராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இராமானுஜன் பத்து வரியை இரண்டு வரியில் தாண்டிப் போவார். நடுவில் உள்ளவற்றை எழுதிக்காட்டச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாத நிலை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவது இராமானுஜனின் வழக்கம். துறைமுகத்தில் பொட்டலம் கட்டும் தாள்களைக்கூடக் கணக்குப் போடுவதற்காகத் தேடி எடுப்பார் என்று அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

வேலையில் சேருவதற்கு முந்தைய ஆண்டு, 1911இல், இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் அவர் ஒரு கேள்வி வெளியிட்டிருந்தார். எண் 289. 1உடன், 2 பெருக்கல் ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டு. அந்த மூலத்துக்குள் 1உடன், 3 பெருக்கல் இன்னொரு மூலம். அதற்குள் 1உடன், 4 பெருக்கல் வேறொரு மூலம். இப்படி முடிவே இல்லாமல் போகும். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு வர்க்கமூலம். மதிப்பு என்ன? மாதங்கள் கடந்தும் யாரும் தீர்வு அனுப்பவில்லை. விடை வெறும் 3.

எப்படி? 3 என்பது √9. 9ஐ 1+8 என்று பிரிக்கலாம். 8 என்பது 3இன் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தது, ஆகவே (3−1) பெருக்கல் (3+1), அதாவது 2×4. இந்த 4 என்பது √16. 16ஐ 1+15 என்று பிரிக்கலாம். 15 என்பது 3×5. இந்த 5 என்பது √25. 25 என்பது 1+24, 24 என்பது 4×6. இப்படியே உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். (முடிவில்லாத அடுக்கு உண்மையிலேயே 3ஐத்தான் நெருங்குகிறது என்று காட்ட இன்னும் கொஞ்சம் வேலை உண்டு.) கவனியுங்கள், ஒவ்வொரு படியிலும் வேலை செய்வது கூட்டலைக் கழித்தலால் பெருக்கும் அதே முற்றொருமை. பள்ளியில் மூலத்தை ஒழிக்கப் பயன்படுத்தும் கருவியைத் திருப்பிப் பிடித்து, ஒரு சாதாரண முழு எண்ணுக்குள்ளிருந்து எண்ணற்ற மூலங்களை அவர் வெளியே எடுத்தார்.

1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், தம்மைப் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்று அறிமுகப்படுத்திக்கொண்டுதான் தொடங்குகிறது. அதில் இருந்த சில தொடர்பின்னங்களுக்கு, 5இன் வர்க்கமூலம் இன்னொரு வர்க்கமூலத்துக்குள் அடங்கிய விடைகள். அவை தம்மை முற்றிலும் தோற்கடித்தன என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். 1914 மார்ச் 17 அன்று இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியதும் இதே சென்னைத் துறைமுகத்தில்தான்.

வடசென்னை அவரை மறக்கவில்லை. ஜார்ஜ் டவுன் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் ஆண்டுக்கணக்கில் தேடித் திரட்டி, 1968இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இராமானுஜனின் வாழ்க்கையைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அந்த உழைப்பால் தப்பிப் பிழைத்தது. 1993இல் ராயபுரம் அவ்வை கலைக்கழகத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்றையும் அவர் அமைத்தார். ஒரு பள்ளி ஆசிரியர் செய்த இந்தக் காரியம் நம் பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டியது. அவருக்குக் கிடைத்த புகழ் போதாது.

வர்க்கமூலத்தைவிட்டுக் கனமூலத்துக்கு வந்தால் கணக்கு சுவாரசியமாகிறது. 1/(∛2−1) என்ற பின்னத்தில் குறியை மட்டும் மாற்றினால் வேலை நடக்காது. (∛2−1)(∛2+1) என்று பெருக்கினால் ∛4−1 வரும், மூலம் அப்படியே நிற்கும். இங்கே துணைக்கு வர வேண்டியது ∛4+∛2+1 என்ற மூன்று உறுப்புள்ள எண். அதை ∛2−1ஆல் பெருக்கினால் 2−1, சரியாக 1. ஆகவே 1/(∛2−1) = 1+∛2+∛4. இருபுறமும் 3.8473... கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம்.

1914இல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் இராமானுஜன் கொடுத்த 525ஆம் கேள்வி இன்னும் அழகானது. ∛5−∛4 என்ற எண்ணின் வர்க்கமூலம் என்ன? அவர் தந்த விடை: ∛2+∛20−∛25, மொத்தத்தையும் 3ஆல் வகுக்க. வெளியே இருந்த வர்க்கமூலம் காணவில்லை. சரிதானா என்று பார்க்க அறிவாற்றல் தேவையில்லை, பொறுமை போதும். ∛2+∛20−∛25ஐ வர்க்கப்படுத்துங்கள். மூன்று வர்க்கங்கள்: ∛4, ∛400, ∛625. இவற்றில் ∛400 என்பது 2∛50, ∛625 என்பது 5∛5. மூன்று குறுக்குப் பெருக்கல்கள்: 2∛40, −2∛50, −2∛500. இவற்றில் 2∛40 என்பது 4∛5, 2∛500 என்பது 10∛4. கூட்டினால் 2∛50 இரண்டும் அடிபடும். மிஞ்சுவது 9∛5−9∛4. 9ஆல் வகுத்தால் ∛5−∛4. சரிபார்ப்பது எளிது, வழிகாட்டி இல்லாமல் அந்த விடையைக் கண்டடைவதுதான் மலைக்கவைக்கிறது.

இவ்வளவு மூலங்களைக் கையாண்ட அவர், பகுதியில் மூலம் இருக்கக் கூடாது என்று நினைத்தாரா? 1914இல் வெளியான பை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில், மிக விரைவாகக் குவியும் தொடரை அவர் 1/(2π√2) என்ற வடிவில் எழுதினார். √2 கீழேயே இருக்கிறது. வலப்புறம் முதல் உறுப்பு 1103ஐ 99இன் வர்க்கத்தால், அதாவது 9801ஆல் வகுத்தது, 0.112539537. உண்மையான மதிப்போடு முதல் எட்டுத் தசம இலக்கங்கள் ஒத்துப்போகின்றன. அந்த ஒரே உறுப்பிலிருந்து கிடைக்கும் பையின் மதிப்பு 3.1415927. 1985இல் அமெரிக்கரான பில் காஸ்பர் இதே தொடரைக் கணினியில் ஓட்டி, பைக்கு 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்களைக் கண்டார். √2 கீழே இருந்ததற்காக இராமானுஜனின் சமன்பாட்டில் மதிப்பெண் குறைக்க யாருக்கு மனம் வரும்? வலப்புறம் சுத்தமான பின்னங்களாக நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தேவையாக இருந்தது, அதற்கு ஏற்ற வடிவத்தை எடுத்துக்கொண்டார்.

சில சமயம் மூலத்தை மேலிருந்து கீழே இறக்குவதே சரியான வழி. √10000001இலிருந்து √10000000ஐக் கழிக்க வேண்டும் என்று வையுங்கள். எட்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் முதலாவது 3162.2778, இரண்டாவது 3162.2777. வித்தியாசம் 0.0001. ஆனால் உண்மையான விடை 0.000158. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை! ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னுள்ள ஏழு இலக்கங்களும் அடிபட்டுப் போய், நம்பத் தகாத கடைசி இலக்கம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. இப்போது இணை எண்ணால் பெருக்கி வகுங்கள். மேலே 1, கீழே அந்த இரண்டு மூலங்களின் கூட்டுத்தொகை. 1ஐ 6324.5555ஆல் வகுத்தால் 0.00015811. அதே எட்டு இலக்கத் துல்லியம்தான், பிழை போன இடம் தெரியவில்லை. கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் இந்த உத்தியை இன்றும் கையாளுகிறார்கள். பள்ளியில் தொகுதியிலும் பகுதியிலும் இருபக்கமும் பழக்கிவிட்டால், பிள்ளைகள் பின்னால் பொறியியல் படிக்கும்போது இது புதிதாகத் தெரியாது.

எந்தப் பகுதியையும் இப்படிச் சீராக்க முடியுமா? √2 என்பது, வர்க்கம் 2 ஆகும் எண். ஒரு எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 2 வரும் என்றால், அதன் தலைகீழி அந்த எண்ணில் பாதி. ∛2இன் கனம் 2, அதிலிருந்து 1+∛2+∛4 வந்தது. விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட ஏதாவது ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு ஓர் எண் கட்டுப்பட்டிருந்தால், அதன் தலைகீழியை அந்தச் சமன்பாட்டிலிருந்தே எடுத்துவிடலாம். முடிவுள்ள மூல அடுக்கு எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் இப்படி ஒரு சமன்பாட்டுக்குள் அடங்கும். ஆகவே அவை எல்லாவற்றையும் கீழிருந்து மேலே ஏற்றலாம்.

இராமானுஜனின் 1/(2π√2)இலும் √2ஐ மேலே ஏற்றலாம், √2/(4π) ஆகிவிடும். பையை ஏற்ற முடியாது. 1/πஐ, பை, பையின் வர்க்கம், பையின் கனம் என்று விகிதமுறு எண்களால் பெருக்கிக் கூட்டிய ஒரு கோவையாக எழுத முடிந்தால், இருபுறமும் பையால் பெருக்கியதும் பைக்கு ஒரு பல்லுறுப்புச் சமன்பாடு கிடைத்துவிடும். அப்படி ஒரு சமன்பாடு இருக்கவே முடியாது என்று 1882இல் ஜெர்மனியின் லிண்டெமன் நிறுவிவிட்டார்.